கட்டைவிரல்களில் ஒரு ரிப்பன்

என் கணவர் என்னுடைய தாலிச் செயினைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு, சென்னீர்குப்பத்தில் ஒரு ஸ்கேன் சென்டரின் ஹாலில் மதியம் முழுக்க உட்கார்ந்திருந்தார். அதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அன்றைய பயமும் வருகிறது. இரண்டும் ஒரே நாளில் வந்தவை. ஒன்றை விட்டு மற்றொன்றை எழுத எனக்குத் தெரியவில்லை.

முதலில் முட்டி வலி என்றுதான் ஆரம்பித்தது. என் மகள் எட்டாம் வகுப்பு. ஆவடியில் பள்ளி, பள்ளியில் கோ-கோ டீம். விளையாடிவிட்டு வந்தால் ஏதோ ஒரு இடத்தில் வலிப்பதும் மறுநாள் அது மறந்துபோவதும் வழக்கம்தான். வலது முட்டி என்றாள். தைலம் தேய்த்தேன். "வளர்ற வயசு, எலும்பு நீளுது" என்றார் என் கணவர். அவருக்கு எந்த வலியும் வளர்ச்சிதான்.

காலையில் நானும் அவளும் பட்டாபிராமில் ஒரே ரயிலைப் பிடிப்போம். அவள் ஆவடியில் இறங்குவாள், நான் அம்பத்தூர் வரை போவேன். நடைமேம்பாலத்தின் படிகளில் அவள் எனக்கு முன்னால் ஓடி ஏறி, மேலே நின்று, "ம்மா, வண்டி வந்துகினு கீது, சீக்கிரம்!" என்று கத்துவது தினசரி நடக்கும் கூத்து. "வந்துகொண்டிருக்கிறது என்று சொல்லு" என்று மூச்சிரைத்தபடியே திருத்துவேன். நாங்கள் தெற்கிலிருந்து வேலைக்காக வந்தவர்கள். அவள் இங்கேயே பிறந்தவள். என் திருத்தங்களுக்கு அவளிடம் ஒரு பலனும் இருந்ததில்லை.

ஒருநாள் காலை அந்தப் படிகளில் நான் முன்னால் இருந்தேன். திரும்பிப் பார்த்தேன். அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒரு படிக்கு இரண்டு காலையும் வைத்து, ஒரு வயதான அம்மாளைப் போல ஏறிக்கொண்டிருந்தாள். ரயில் வந்தது, போனது. நாங்கள் இருவரும் படியிலேயே நின்றிருந்தோம்.

அம்பத்தூரில் எலும்பு டாக்டர் அவள் முட்டியைத் தொடவேயில்லை. அவளைப் படுக்கவைத்துக் காலை மடக்கி, பாதத்தை மெல்லத் திருப்பினார். அவள் கத்திய கத்தலில் வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"முட்டியில ஒண்ணும் இல்லை. இடுப்பு மூட்டுதான்" என்றார். "ரெண்டுக்கும் ஒரே நரம்பு கிளை விடுது. அதனால பல தடவை இடுப்பு தப்பு பண்ணும், முட்டி அழும்."

மேசையிலிருந்த பிளாஸ்டிக் எலும்பை எடுத்துக் காட்டினார். இடுப்பு எலும்பில் ஒரு ஆழமான குழி. அதற்குள் தொடை எலும்பின் உருண்டையான தலை. அந்தத் தலைக்குக் கீழே சாய்வாக ஒரு கழுத்து.

"பந்துகிண்ண மூட்டு சார். எங்க புக்ல இருக்கு" என்றாள் மகள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"புக்ல இருக்கறது நல்லா இருக்கும்மா. உன்கிட்ட இருக்கறது எப்படி இருக்குன்னு பார்ப்போம்" என்றார்.

பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார். இந்த வயதில் உருண்டைக்கும் கழுத்துக்கும் நடுவில் எலும்பு வளர்வதற்கான மெல்லிய தட்டு ஒன்று உண்டு. சில பிள்ளைகளுக்குக் கோன் ஐஸ்கிரீமில் உருண்டை சரிவதைப்போல அந்த இடத்தில் தலை சரியத் தொடங்கும். சிலருக்கு உருண்டைக்குப் போகும் ரத்தம் குறைந்து எலும்பு நலியத் தொடங்கும். எக்ஸ்ரேயில் ஒன்றும் உறுதியாகத் தெரியவில்லை. எம்.ஆர்.ஐ. பார்த்தால்தான் சொல்ல முடியும். அதுவரை வலது காலை ஊன்றக் கூடாது.

"சரிஞ்சிருந்தா ஸ்க்ரூ போட்டு நிறுத்திடலாம். பயப்படாதீங்க" என்றார்.

"கோ-கோ?" என்று கேட்டாள் மகள்.

டாக்டர் எலும்பை மேசையில் வைத்தார். "ரெண்டுல எதுவா இருந்தாலும் ஓடறதை மறந்துட வேண்டி வரும்மா. இல்லாமலும் இருக்கலாம். பார்ப்போம்."

திரும்பி வரும் வழியெல்லாம் அவள் வலது முட்டியையே தடவிக்கொண்டு வந்தாள்.

என் வேலையைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் நான் ஃபிக்ஸ்சர் வரைகிறவள். மெஷினில் துளை போடும்போது அந்தப் பொருள் துளியும் அசையாமல் பிடித்துவைக்கும் சட்டத்துக்கு ஃபிக்ஸ்சர் என்று பெயர். எங்கே தாங்க வேண்டும், எங்கே அழுத்த வேண்டும் என்று கணக்குப் போட்டே எனக்கு நடுவயது வந்துவிட்டது. அந்த வாரம் ஆபீசில் எதுவும் ஓடவில்லை. மேசையில் கிடந்த ஒரு பால் ஜாயின்டை, கிண்ணத்துக்குள் பந்து சுழலும் இரும்பு மூட்டை, எடுத்துச் சுழற்றிக்கொண்டே இருந்தேன். எண்ணெய் வற்றிய இடத்தில் அது கரகரவென்றது. கீழே வைத்தேன். மறுபடி எடுத்தேன். வீட்டில் ரவா லட்டு பிடிக்கும்போது ஒன்று கையிலேயே உதிர்ந்தது. அடுப்பை அணைத்துவிட்டு பால்கனிக்குப் போய் நின்றேன். என் கணவர் பின்னாலேயே வந்து, "நெய் பத்தலை, அவ்வளவுதான்" என்றார். உதிர்ந்த உருண்டையில் நான் எதைப் பார்த்தேன் என்று அவருக்கும் புரிந்திருந்ததை அப்போது தெரிந்துகொண்டேன்.

ஸ்கேனுக்கு ஆட்டோவில் போனோம். ஆவடியிலிருந்து பூந்தமல்லி சாலையில் ஒவ்வொரு வேகத்தடைக்கும் நான் "மெதுவா, மெதுவா" என்றேன்.

ஆட்டோக்காரர் கடைசியில் திரும்பியே பார்த்துவிட்டார். "யக்கா, இதுக்கு மேல மெதுவா போனா, நடந்து போறவன் நம்மளத் தாண்டிப் பூடுவான்."

மகள் அந்த வாரத்தில் முதன்முறையாகச் சிரித்தாள். அதற்காகவே அவருக்குக் கோயில் கட்டலாம் என்று தோன்றியது.

சென்டரில் எங்களுக்கு வாய்த்த டெக்னீஷியன் ஒரு பெண். முப்பது வயதிருக்கும். மண்ணூர்பேட்டைக்காரி என்று பேச ஆரம்பித்த வேகத்திலேயே சொல்லிவிட்டாள். ஒரு கன்னம் கொஞ்சம் வீங்கியிருந்தது. சிறுபிள்ளை என்பதால் அம்மா உள்ளே கூட உட்காரலாம், ஆனால் உடம்பில் ஒரு பொட்டு இரும்பு இருக்கக் கூடாது என்றாள்.

"உள்ள கீறது சாதா காந்தம் இல்லக்கா. சாவி, ஊக்கு எல்லாத்தையும் இஸ்துக்கும். எல்லாத்தையும் கழட்டுங்கோ."

தோடு, வளையல், வாட்ச் என்று கழற்றினேன். மகளின் ஹேர்பின்களை எடுத்து, சிவப்பு ரிப்பனால் மடித்துக் கட்டியிருந்த ரெட்டைச் சடையை அவிழ்த்துவிட்டேன். ரிப்பன்களை வைக்க இடமில்லாமல் வளையல் இருந்த மணிக்கட்டிலேயே சுற்றிக்கொண்டேன். பிறகு ஊக்குகள். புடவை கட்டிக்கொண்டு வந்தது என் தவறுதான். தோளில் இருந்து, கொசுவத்தில் இருந்து, ரவிக்கையில் இருந்து அவை வந்துகொண்டே இருந்தன.

"இன்னாக்கா, கடை வெச்சிருக்கியா?" என்றாள் டெக்னீஷியன்.

மெட்டி மட்டும் வரவில்லை. சோப்பு போட்டுச் சுழற்றி இழுத்ததில் வந்தது. கடைசியில் தாலி. தங்கம்தானே என்று கேட்டேன். செயின் கொக்கியில் என்ன கலந்திருக்கிறது என்று தனக்குத் தெரியாது, எல்லாம் வெளியேதான் என்றாள். கல்யாணத்துக்குப் பிறகு அதை நான் கழற்றியதே இல்லை. கழற்றி என் கணவரின் கையில் கொடுத்தேன். கூட்டமாக இருந்த ஹாலில், கையில் தாலியோடு அவர் திருதிருவென்று விழித்தார்.

"இதை எங்க வெச்சுக்கறது?"

"பத்திரமா வெச்சுக்கோங்க."

"பாக்கெட்ல ஓட்டைடி."

அதற்கு மேல் நிற்க நேரமில்லை. கொசுவத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன்.

அறை குளிர்ந்திருந்தது. மகள் பச்சை கவுனில் மேசைமேல் மல்லாந்து படுத்திருந்தாள். இடுப்பு ஸ்கேன் என்பதால் கால்தான் முதலில் குழாய்க்குள் போகும், முகம் குழாயின் திறந்த வாய்ப்பக்கமே இருக்கும், அதனால் பயமிருக்காது என்று டெக்னீஷியன் அவளிடம் விளக்கிக்கொண்டிருந்தாள். இடுப்பின் குறுக்கே ஒரு தட்டையான கவசத்தை வைத்துக் கட்டினாள். கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, "ஒரு மாதிரி இருந்தா இத்த அமுக்கு, ஓடியாந்துடுவேன்" என்றாள். பிறகு கால்மாட்டுக்குப் போனாள். வெள்ளை டேப்பை இழுத்துப் பல்லால் கிழித்தாள்.

அந்தக் கிழியும் சத்தம்.

மகளின் இரண்டு கால் கட்டைவிரல்களையும் ஒன்றாகச் சேர்த்து, அந்த வெள்ளை டேப்பை அவள் சுற்றத் தொடங்கினாள்.

என் அப்பா தை மாதம் கோவில்பட்டியில் இறந்தார். கூடத்தில் கிடத்தியிருந்தபோது, "கால் விரலைக் கட்டுங்கப்பா, விறைச்சிடப்போகுது" என்று யாரோ சொன்னார்கள். துணி தேடினார்கள். நான்தான் அவருடைய வேட்டியின் ஓரத்தைக் கிழித்துக் கொடுத்தேன். கட்டைவிரல் இரண்டையும் சேர்த்து அந்த வெள்ளைத் துணியால் கட்டினார்கள். எங்கள் பக்கம் மட்டுமல்ல, எல்லாப் பக்கமும் அப்படித்தான். உயிரோடிருக்கும் ஒருவருக்கு அந்த விரல்களைச் சேர்த்துக் கட்டி நான் பார்த்ததே இல்லை.

"கட்டாதீங்க!" என்று கத்தினேன். கொசுவத்தை விட்டுவிட்டேன். எப்படி மேசையின் மறுமுனைக்குப் போனேன் என்று தெரியவில்லை. டெக்னீஷியனின் கையைப் பிடித்திருந்தேன். "விரலை வேணாம். வேற எங்க வேணா கட்டுங்க. விரலைக் கட்டாதீங்க."

"இன்னாக்கா? இன்னா ஆச்சு?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். கையிலிருந்த டேப்பைப் பார்த்தாள். மகளின் பாதங்களைப் பார்த்தாள். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"அய்யய்யோ! அத்தச் சொல்றியா? ஆமாக்கா, எங்க ஊட்லயும் அப்டித்தான் கட்டுவாங்கோ. டெய்லி கட்டிகினு கீறேன், எனக்கு ஒருநாளும் தோணவேயில்ல பாரு!" சரசரவென்று டேப்பைப் பிரித்தெடுத்துச் சுருட்டி எறிந்தாள்.

மேசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "ம்மா, நான் கீறேன்மா. உயிரோடதான் கீறேன்."

அன்று நான் அதைத் திருத்தவில்லை. மகளுக்கு அடக்க முடியாத சிரிப்பு. டெக்னீஷியனுக்கும் சிரிப்பு, வீங்கின கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் தரையில் சரிந்த புடவையை வாரிச் சுருட்டிக்கொண்டு அழுதேன். அழுகை பாதியிலேயே சிரிப்பாகிவிட்டது.

எதற்காகக் கட்டுகிறார்கள் என்று கேட்டேன்.

"மல்லாக்கப் படுத்தா எல்லாருக்குமே பாதம் ரெண்டும் வெளிய சாஞ்சிக்கும்க்கா. அது சாஞ்சா தொடை எலும்பும் கூடவே திரும்பிக்கும். அப்ப கழுத்து குட்டையா, மடிஞ்ச மாதிரி படத்துல வரும். விரல ஒண்ணா சேத்து, பாதத்த கொஞ்சம் உள்ள திருப்பினா, கழுத்து நீட்டா முழுசா தெரியும். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வேற இருக்கணும். அப்பதான் டாக்டரு நல்ல காலையும் வலிக்கிற காலையும் வெச்சுப் பாப்பாரு."

இது எனக்குப் புரியாத பாஷை அல்ல. அந்தக் கழுத்து, தொடை எலும்போடு நேர்கோட்டில் இல்லாமல் சற்று முன்பக்கம் திரும்பி இருக்கிறது. அதைச் சமதளத்தில் கிடத்த வேண்டுமானால் முழுக் காலையும் அந்த அளவுக்கு உள்ளே திருப்பியாக வேண்டும். பொருளைச் சரியாக உட்காரவைக்காமல் அளந்தால் அளவு பொய் சொல்லும் என்பது என் தொழிலின் முதல் பாடம். சொல்லப்போனால், என் மகளையும் இங்கே ஒரு ஃபிக்ஸ்சரில்தான் உட்கார வைக்கிறார்கள்.

"விரலைக் கட்டாமலே செய்யலாம்" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு பொறியாளர் ஆனேன். "குதிகால் ரெண்டுக்கும் நடுவுல ஏதாவது வெச்சு விலக்குங்க. குதிகால் விலகினா விரல் தானா சேரும். வெளிப்பக்கம் ரெண்டு மெத்தை முட்டுக்கொடுத்தா நகராது."

"நீ இன்னா வேல பாக்கறக்கா?"

"பொருள் அசையாம பிடிச்சுவைக்கற வேலை."

"அட, நம்ம ஆளு!" என்றாள்.

ஒரு போர்வையை மடித்துக் குதிகால்களுக்கு நடுவில் வைத்தோம். இருபுறமும் ஸ்பாஞ்சுத் துண்டுகள். பாதங்கள் உள்நோக்கித் திரும்பி, கட்டைவிரல்கள் ஒன்றையொன்று தொட்டன. நான் பெருமையாக நிமிர்ந்தேன். உள்ளங்காலில் போர்வை பட்டதும் மகளுக்குக் கூச்சம். மறுபடி சிரித்தாள்.

"பாப்பா, சிரிச்சா படம் ஆடும். சிரிப்பெல்லாம் வெளிய போய் உங்கப்பா கிட்ட சிரி."

"அம்மாவ முதல்ல அழுகைய நிறுத்தச் சொல்லுங்கக்கா. அவங்க மூஞ்சியப் பாத்தாதான் சிரிப்பு வருது."

காதுகளை அடைத்துக்கொண்டோம். மேசை நகர்ந்தது. நான் மகளின் தலைமாட்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அவள் நெற்றியில் கைவைத்தேன். மெஷின் தட்டத் தொடங்கியது. தட் தட் தட் என்று ஒரு தாளம், பிறகு நீளமாக ஒரு உறுமல், பிறகு வேறொரு தாளம். மற்றவர்கள் அந்தச் சத்தத்தைக் கண்டு பயப்படுவார்களாம். எனக்கு எஸ்டேட்டில் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைப் போல இருந்தது. என் மகளுக்கும் அப்படித்தான் போலிருக்கிறது. ரயில் தடதடப்பில் வளர்ந்த பிள்ளை. வலியில் சில நாட்களாக ஒழுங்காகத் தூங்காதவள், அந்தச் சத்தத்தின் நடுவே வாயை லேசாகத் திறந்துகொண்டு தூங்கிவிட்டாள். நெற்றியின் சூடு என் உள்ளங்கையில் இருந்தது. எத்தனை நல்ல பிள்ளை, எவ்வளவு அசையாமல் கிடக்கிறாள் என்று பூரித்துப்போனேன்.

மெஷின் நின்றது. டெக்னீஷியன் உள்ளே வந்தாள்.

"பாப்பா தூங்கிகினு கீதா?"

"ஆமா" என்றேன் பெருமையாக.

"அதான். தூங்கினா காலு தொளதொளன்னு ஆயிடும். உங்க போர்வை பின்னால வழுக்கிகினு பூட்ச்சு. வலது பாதம் சாஞ்சிடுச்சு. கடைசி படம் ரெண்டு பக்கமும் வேற வேற மாதிரி கீது."

மேசையை வெளியே இழுத்தாள். உண்மைதான். வலது பாதம் சோம்பேறியைப் போலப் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. இரும்பைப் பிடிக்கத் தெரிந்த எனக்குத் தூங்குகிற பிள்ளையைப் பிடிக்கத் தெரியவில்லை. இரும்பு தூங்காது.

டெக்னீஷியன் டேப்பை எடுக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மகள் கண்ணைத் திறந்தாள். எங்கள் இருவரையும் பார்த்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"நீயே கட்டு ம்மா" என்றாள்.

"என்னால முடியாதுடி."

"வெள்ளையா கட்டாத. உன் கையில கீதே, அதுல கட்டு."

என் மணிக்கட்டில் அந்தச் சிவப்பு ரிப்பன்கள் இருந்தன. டெக்னீஷியன் ஒன்றை வாங்கி விரல்களுக்கிடையே உருவிப் பார்த்தாள். "ஜரிகை இல்ல, ஊக்கு இல்ல. துணிதான். கட்டுக்கா" என்றாள். பாதங்களை இரண்டு கையாலும் பிடித்து உள்ளே திருப்பிக் காட்டினாள். "இவ்ளோதான் திருப்பணும். நான் புட்சிகினு கீறேன்."

நான் குனிந்தேன். வலது கட்டைவிரல் நகத்தின் ஓரம் உடைந்திருந்தது, கோ-கோ ஆடி உடைந்தது. நகத்துக்கடியில் இன்னும் பள்ளி மைதானத்துச் செம்மண் இருந்தது. எத்தனை நாள் ஆகியும் போகாத மண். இரண்டு விரல்களையும் சேர்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தன. ஒன்று என் பிடியில் நெளிந்தது.

"நல்லா இறுக்கிக் கட்டு ம்மா. சடைக்குக் கட்டற மாதிரி."

"சடைக்கு இறுக்கினா தலைவலிக்குதுன்னு கத்துவியே."

"கால் விரலுக்கு எங்க ம்மா தலைவலி?"

தினமும் காலையில் கட்டும் முடிச்சுதான். ஒரு சுற்று, ஒரு மடிப்பு, ஒரு இழுப்பு. கை தானாகச் செய்தது. முடித்துப் பார்த்தபோது அவள் கால்விரல்களின் மேல் ஒரு சிவப்புப் பூ உட்கார்ந்திருந்தது. ஒரு ஓரம் நீளமாகத் தொங்கியது. அதையும் சரிசெய்தேன். அப்படிப் போட்ட ஒரு முடிச்சை இந்த உலகத்தில் யாரும் துக்கத்தோடு பார்க்க முடியாது.

"சூப்பரா கீது" என்றாள் டெக்னீஷியன். "இனிமே எல்லாருக்கும் பூ கட்டிதான் அனுப்பணும் போல."

இந்த முறை மெஷின் இடையில் நிற்கவில்லை.

முடிந்து வெளியே வந்ததும் நான் செய்த முதல் வேலை, டெக்னீஷியனின் முகத்தைப் படிப்பது. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்து எல்லாப் படங்களையும் பார்த்தவள் அவள்தான். முகம் சுருங்கியிருந்தது. புருவம் நெரிந்திருந்தது.

"மோசமா இருக்கா?"

"ரிப்போர்ட் டாக்டருதான் சொல்வாரு."

"உங்க முகம்..."

"என் மூஞ்சியப் பாத்து ரிப்போர்ட் படிக்காதக்கா" என்றாள். "எனக்குக் கடவாய்ப் பல்லு வலி. காலைலேர்ந்து உயிர் போவுது."

ஹாலுக்கு வந்தேன். மூலையில் என் கணவர் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். சட்டைக்கு மேலே, நெஞ்சின் நடுவில், மஞ்சள் விளக்கொளியில் என் தாலி. ஓட்டைச் சட்டைப் பையில் ஊக்குகள், அவை உதிராமல் ஒரு கையால் பொத்திக்கொண்டிருந்தார். எதிர் வரிசையில் ஒரு குடும்பமே அவரைப் பார்ப்பதும் தலையைக் குனிந்துகொள்வதுமாக இருந்தது.

பின்னாலேயே வந்த டெக்னீஷியன் நின்றுவிட்டாள். "அண்ணாத்தே! இன்னா கோலம் இது?"

"பாக்கெட் ஓட்டை" என்றார் அவர் பரிதாபமாக. "கையில வெச்சிருந்தா வேர்வையில வழுக்குது. கழுத்துதான் பத்திரம்னு தோணிச்சு."

"இனிமே அண்ணாத்தேதான் அக்காவுக்கு சோறாக்கிப் போடணும்" என்றாள் அவள். பல்வலியை மறந்து அவளும் சிரிக்க, அந்த ஹாலே சிரித்தது. அவர் கழற்றி என் கழுத்தில் போட்டபோது எதிர் வரிசைப் பாட்டியம்மா ஒருத்தி கைதட்டினாள். எங்கள் மகள் ஊன்றுகோலில் சாய்ந்து நின்றபடி, "அப்பா, இது உங்களுக்கு ரெண்டாவது கல்யாணம்" என்றாள்.

ஹைவே ஓரத்தில் கரும்புச் சாறு குடித்தோம். லாரிகள் பெங்களூர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. மறுநாள் மாலை வரை எதுவும் தெரியாது. அன்றைக்கு என்னவோ அந்தத் தெரியாமையைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொள்ள முடிந்தது. இஞ்சி தூக்கலாக இருந்தது. மகள் இரண்டு டம்ளர் குடித்தாள்.

மறுநாள் டாக்டர் படங்களைத் திரையில் போட்டார். நான் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். கறுப்பும் சாம்பலுமான ஒரு நிலப்பரப்பில், இடமும் வலமும் இரண்டு உருண்டைகள், இரண்டு கிண்ணங்கள், இரண்டு கழுத்துகள். கழுத்துகள் இரண்டும் முழு நீளத்துக்கு, ஒன்றுக்கொன்று கண்ணாடி பிடித்ததைப்போல இருந்தன. அவர் வாயைத் திறக்கும் முன்பே அந்தச் சிவப்பு முடிச்சு தன் வேலையைச் செய்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. அவ்வளவுதான் தெரிந்தது.

"நல்ல படம். பொசிஷன் அருமையா இருக்கு" என்றார். பேனா முனையால் வலது உருண்டையைச் சுற்றினார். "இது வெள்ளையா, இடது பக்கம் மாதிரியே இருக்கு. கறுத்திருந்தா கவலைப்படணும். கறுக்கலை. வளர்ச்சித் தட்டும் அதே இடத்துல அதே அகலத்துல இருக்கு. சரியலை."

"சரியலையா?"

"சரியலைம்மா."

பிறகு வேறொரு படத்தைக் காட்டினார். மூட்டுக்குச் சற்று மேலே, இடுப்பெலும்பின் முன்விளிம்பில், தீப்பொறி மாதிரி ஒரு வெளிச்சப் புள்ளி. தொடையின் பெரிய தசை எலும்பைப் பிடித்துக்கொண்டிருக்கும் இடம் அது. குந்திய நிலையிலிருந்து எம்பி எம்பி ஓடியதில் அந்தப் பிடிமானம் இழுபட்டு வீங்கியிருக்கிறது. வளரும் எலும்பு அங்கே இன்னும் மென்மையாக இருப்பதால் பிள்ளைகளுக்கு வருவதுதான். ஓய்வு, பிறகு பயிற்சி, பிறகு விளையாட்டு.

"விளையாட்டா?" என்று கேட்டது மகள் அல்ல, என் கணவர். அவர் குரல் உடைந்துபோயிருந்தது. அந்த ஒரு வாரமும் அவர் பேசிய வேடிக்கையெல்லாம் எதைப் பொத்திவைத்திருந்தது என்று அந்தக் குரலில் தெரிந்தது.

"பொறுமையா இருந்தா. ஆனா நான் சொல்ற வரைக்கும் ஓடக் கூடாது" என்றார் டாக்டர்.

மகள் கேட்டாள், "சார், அந்தப் படத்தை எனக்குத் தருவீங்களா? என் பந்துகிண்ண மூட்டு. சயின்ஸ் மிஸ்ஸுக்குக் காட்டணும்."

பொறுமை அவளுக்குப் பழக்கமில்லாத பாடம். மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்து டீமுக்குத் தண்ணீர் கொடுத்தாள், நடுவர் வேலை பார்த்தாள், எல்லோரையும் திட்டினாள். வீட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு பயிற்சி செய்தாள். நான் அவள் நடையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சோபாவில் படுத்து டிவி பார்க்கும்போது பாதங்கள் இரண்டும் வெளிப்பக்கம் சாய்ந்திருக்கும். சரியாகத்தான் சாய்ந்திருக்கின்றனவா, இரண்டும் ஒரே அளவா என்று தள்ளி நின்று பார்ப்பேன். "ம்மா, அளந்தது போதும்" என்பாள் திரும்பாமலே.

டாக்டர் சரி சொன்ன வாரத்தில், ஒரு சனிக்கிழமை காலை, பள்ளியில் அவர்களுக்குள்ளேயே ஒரு ஆட்டம். நானும் அவரும் வேலிக்கு இந்தப்பக்கம் வேப்பமரத்தடியில் நின்றோம். பிள்ளைகள் வரிசையில் மாறி மாறி எதிர்த் திசை பார்த்துக் குந்தியிருந்தார்கள். என் மகள் எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். இரண்டு சடை, இரண்டு ரிப்பன். அவற்றில் ஒன்று அன்று விரலில் இருந்தது. எது என்று எனக்குத் தெரியாது, துவைத்துத் துவைத்து இரண்டும் ஒன்றாகிவிட்டன.

பின்னாலிருந்து ஒருத்தி அவள் முதுகில் தட்டி "கோ!" என்றாள்.

அவள் எழுந்த அந்த நொடியில், உருண்டையும் கிண்ணமும் கழுத்தும் அந்த வெளிச்சப் புள்ளியும் எல்லாம் எனக்குத் தோலுக்கு உள்ளே தெரிந்தன. நான் என் கணவரின் கையைப் பிடித்தேன். அவர் என் கையை ஏற்கெனவே பிடித்திருந்தார். அவள் கம்பத்தைச் சுற்றினாள், திரும்பினாள், தப்பி ஓடிய பெண்ணின் பின்னால் பாய்ந்தாள். தரையோடு தரையாகப் பாய்ந்து, அந்தப் பெண்ணின் குதிகாலைத் தொட்டாள். புழுதி எழுந்தது. என் மகள் எழவில்லை. நான் வேலியில் ஒரு காலைத் தூக்கி வைத்திருந்தேன்.

புழுதிக்குள்ளிருந்து எழுந்தாள். வலது காலைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு எங்களைத் தேடிக் கண்டுபிடித்து, முகமெல்லாம் மண்ணாக, முகமெல்லாம் பல்லாகக் கத்தினாள்.

"ம்மா! முட்டி சிராய்ச்சிகினு ரத்தம் வருது! இந்தத் தபா நெஜமாவே முட்டிதான்மா!"